மூன்றாவது மன்னிப்பு

எங்கள் ஊர்க் கடலில், படகில் இருப்பவர்கள் செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்டால்தான் அலை அடங்கும். கூலிக்கு மன்னிப்புக் கேட்கும் ஆட்களும் துறையில் உண்டு. ஆனால் அவர்கள் கேட்பது இரண்டாவது மிதவை வரைக்கும்தான் செல்லும். அதற்கப்பால், தீவுக்குப் பின்னால், காற்றில்லாத ஒதுக்கு ஒன்று இருக்கிறது. நங்கூரம் போட்டு மத்தியானச் சாப்பாடு சாப்பிட அதைவிட நல்ல இடம் கிடையாது. அங்கே போக வேண்டுமானால் சொந்த வாயால்தான் கேட்க வேண்டும்.

பிலோமினா ஒன்பது வருடமாகக் கடலில் கால் வைக்கவில்லை. மீன்பிடிக்கப் போன அவள் தம்பி சூசை திரும்பாததிலிருந்து அவளுக்கும் கடலுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கல்யாண நாளுக்கு ஒதுக்கில் போய்ச் சாப்பிடலாமா என்று கணவர் மிக்கேல் கேட்டபோது, இந்தத் தடவை சரி என்றாள். கடலிடமிருந்து அவளுக்கு ஒரு மன்னிப்பு வரவேண்டியிருந்தது.

மிதவையைத் தாண்டியதும் படகு துள்ளியது. புளிச்சோற்றுத் தூக்குவாளி சரிந்தது. மிக்கேல் முந்திக்கொண்டார்.

"பிலோமி, ஒன் தங்கச்சி கல்யாணத்துல வயித்துவலின்னு படுத்தேன்லா, அது பொய்தான். மன்னிச்சுக்க."

பாதி அலை அடங்கியது.

"ஒங்க ரேடியோவ நான் வேணும்னுதான் கீழ போட்டேன்" என்றாள் அவள். "மன்னிச்சுக்கிடுங்க."

இன்னும் கொஞ்சம் அடங்கியது. ஆனாலும் படகு ஆடியது.

படகோட்டி கஸ்பார் எஞ்சினை நிறுத்தினான். "இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. நான் இல்ல, நான் காலைலயே வீட்டுல கேட்டுட்டுத்தான் வந்தேன்."

மிக்கேல் தலையைச் சொறிந்தார். பிலோமினா கையைக் கட்டிக்கொண்டு தண்ணீரையே பார்த்தாள்.

"நாங்க கேட்டாச்சு. இனி அதுதான் கேக்கணும்."

கடல் ரொம்ப நேரம் முறைத்துக்கொண்டே படகை முட்டியது. தூக்குவாளி இரண்டு தடவை உருண்டது. அவளும் இறங்கி வரவில்லை. கடைசியில் சின்ன அலை ஒன்று படகோரம் வந்து நின்றது.

"சூசை விஷயத்துல தப்பு என்னோடதுதான்" என்றது. "மன்னிச்சுக்க அக்கா."

தண்ணீர் பாய் விரித்தாற்போல் ஆனது. பிலோமினா வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து, அந்தத் தண்ணீரையே அள்ளி முகம் கழுவினாள். ஒதுக்கில் நங்கூரம் போட்டார்கள். புளிச்சோறு நன்றாக இருந்தது.

திரும்பும்போது அலையும் கூடவே வந்தது. கரை வந்தும் நிற்கவில்லை. மணலைத் தாண்டி, ஐஸ் பேக்டரியைத் தாண்டி, தெருவுக்குள் அவர்கள் பின்னாலேயே நடந்தது. வாசலில் பிலோமினா திரும்பினாள்.

"உள்ள எங்கம்மா இருக்கா. அவகிட்டயும் கேக்கணும். காலெல்லாம் மண்ணு பாரு, கழுவிட்டு வா."

மிக்கேல் ஒரு வாளி நல்ல தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.