ஒரு வேளையும் தவறவில்லை

மாடம்பாக்கத்தில் எனக்கு யாரும் சோறு ஊட்டிவிடுவதில்லை. எழுபத்தெட்டு வயதில் நானே சமைக்கிறேன், நானே துவைக்கிறேன். என்ன, ஒன்றரை மாதத்தில் மூன்று முறை தலைசுற்றி விழுந்துவிட்டேன். அவ்வளவுதான், நாவலூரில் இருக்கும் என் மகள் கெசியா முடிவெடுத்துவிட்டாள். சனிக்கிழமை என்னை முதியோர் இல்லத்தில் சேர்க்கப்போகிறாளாம். அறை எண்கூட வந்துவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாளா? ஊஹூம்.

வெள்ளிக்கிழமை காலை மருந்துக் கடையிலிருந்து ஒரு பெண் வந்தாள். வழக்கமாகப் பையைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

"அங்கிள், நான் ஃபஹீமா. கடையில ஃபார்மசிஸ்ட். நீங்க விழுந்துட்டீங்கன்னு உங்க பொண்ணு போன்ல சொன்னாங்க. நீங்க போடுற மாத்திரை எல்லாத்தையும் பார்க்கணும்."

எனக்கு வந்ததே கோபம். "குரோம்பேட்டை பஸ் டிப்போவுல முப்பத்திரண்டு வருஷம் டைம் கீப்பரா இருந்தவன்மா நான். ஒரு வேளை தவறினதில்ல. நீ இன்னா எனக்குப் பரீட்சை வைக்கிறே?"

"ஆமா அங்கிள், வைக்கிறேன். எடுத்துட்டு வாங்க."

சரியான பிடிவாதக்காரி! டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினேன். ஒவ்வொரு அட்டையாகத் திருப்பித் திருப்பிப் படித்தவள், இரண்டை மட்டும் தனியே எடுத்து வைத்தாள். வெள்ளை மாத்திரை, ஐந்து வருடமாகப் போடுவது. ரோஸ் மாத்திரை, இரண்டு மாதமாக வருவது.

"இது ரெண்டையும் போடுறீங்களா?"

"டான்னு எட்டு மணிக்கு. ரெண்டும்."

அவள் முகம் செத்துப்போயிற்று. உட்காரவைத்து பிரஷர் பார்த்தாள், நிற்கவைத்தும் பார்த்தாள். நின்றபோது தொண்ணூறுக்கும் கீழே. அங்கேயே டாக்டருக்குப் போன் போட்டாள். ரோஸை உடனே நிறுத்தச் சொன்னார், மறுநாள் நேரில் வரச் சொன்னார்.

"ரெண்டும் ஒரே பிரஷர் மாத்திரைதான் அங்கிள். கம்பெனிதான் வேற. டபுளாப் போட்டதுல பிரஷர் இறங்கித்தான் தலை சுத்தியிருக்கு. வெள்ளை ஸ்டாக் இல்லைன்னு அதுக்குப் பதிலா ரோஸ் அனுப்பினோம். உங்ககிட்ட யாரும் சொல்லல. தப்பு எங்களோடது."

வெள்ளை என்னிடம் அப்போதே மூன்று மாதத்துக்குக் கையிருப்பு இருந்தது. டாக்டரிடம் பேசுவது கெசியா, கடைக்குச் சொல்வது கெசியா. எனக்கு யார் எதைச் சொல்கிறார்கள்? புதிதாக ஒன்று வந்தால் டாக்டர் கூட்டியிருப்பார் என்று விழுங்கினேன். மறதியால் விழவில்லை ஐயா, ஒழுங்காகப் போட்டு விழுந்தேன்!

மத்தியானம் என் துணிகளை அடுக்கக் கெசியா வந்தபோது, ஃபஹீமா மறுபடி வந்து அத்தனையையும் சொன்னாள். கெசியா எகிறினாள். "உங்க கடை மேல கம்ப்ளெயின்ட் கொடுப்பேன்!"

"கொடுங்க மேடம். நானே எழுதித் தர்றேன்." பில்லின் பின்புறம் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

கெசியா அதற்குள் கடை முதலாளி சௌகத் அலியைப் போனில் பிடித்துவிட்டாள். அவர் போனை ஃபஹீமாவிடம் கொடுக்கச் சொன்னார். அவர் கத்தியது எனக்கே கேட்டது. "எதையும் எழுதிக் குடுக்காதே! வேலை போயிடும்!"

"எழுதியாச்சு பாய்," என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள் அந்தப் பெண். எனக்கு விசிலடிக்கலாம் போலிருந்தது.

கெசியா பொத்தென்று உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது. "நான் பயந்துட்டேன். சொல்லுங்க, இனிமே டாடியை இங்க தனியா விடலாமா?"

"மாத்திரையைப் பத்தி என்னைக் கேளுங்க மேடம். இதை அவரைத்தான் கேக்கணும். எதிர்லதான உக்காந்திருக்கார்."

கெசியா என்னைப் பார்த்தாள். ஒன்றரை மாதத்தில் முதல் தடவையாக.

"நீங்க என்ன சொல்றீங்க டாடி?"

எழுந்து நின்று சொல்லத்தான் ஆசை. தலைசுற்றித் தொலைத்தால் கதை கெட்டுவிடும் என்று உட்கார்ந்தபடியே சொன்னேன்.

"நான் வரல."