லுஹர் நேரத்துச் சோதனை

சோஹாரில் கடல்நீரைக் குடிநீராக்கும் எங்கள் ஆலைக்குப் புதிய பாதுகாப்புக் கருவிகள் தேர்ந்தெடுக்கக் குழு போட்டார்கள். ஐந்து பேரில் நான்கு பேர் பொறியாளர்கள். ஐந்தாவது ஆள் நான், ஸுவைனா. பன்னிரண்டு வருடமாக வாசல் மேற்பார்வை பார்ப்பவள். வாசலில் நிற்கிற ஒருத்தி அந்த மேசையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சிலருக்கு அதில் வயிற்றெரிச்சல்.

குழுத் தலைவர் ஹைதம், எல்லா வாசலுக்கும் கைரேகைக் கருவிதான் என்று முடிவுகட்டிக்கொண்டே வந்திருந்தார். காலை பத்து மணிக்கு இருபது பேரை வைத்துச் சோதித்தார். இருபது பேரும் சிட்டாய்ப் பறந்து போனார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து மணிக்கு எந்த வாசல்தான் திணறும்?

மூன்று வாரம் வாசலில் நின்று எண்ணி எழுதிய தாளை எடுத்து வைத்தேன். நண்பகல் லுஹர் தொழுகைக்கு முந்நூறு பேர் பத்தே நிமிடத்தில் வெளியேறுகிறார்கள். பள்ளிவாசல் சாலைக்கு அந்தப் பக்கம். தொழுகைக்கு முன் கைகால் கழுவி உளூச் செய்யும் குழாய்கள் ஆலைக்குள். முன்வாசலுக்கு அடையாள அட்டை போதும், காட்டியதும் ஆளின் படம் எங்கள் திரையில் வரட்டும், கைரேகையைக் குளோரின் கிடங்குக்கு வையுங்கள் என்றேன். அட்டையை இன்னொருவனிடம் கொடுத்து அனுப்பினால் என்ன செய்வீர்கள் என்று ஹைதம் மடக்கினார். படத்தையும் ஆளையும் ஒப்பிட்டுப் பார்க்கத்தானே நாங்கள் நிற்கிறோம் என்றேன். சிரித்தார்.

“அக்கா, வாசலைக் காக்குறது வேற, கருவி தேர்ந்தெடுக்கிறது வேற. உங்களுக்கு எதுக்கு இந்தத் தலைவலி?”

“லுஹர் நேரத்துல ஒரு தடவ வச்சுப் பாருங்க தம்பி. நான் சொன்னது தப்பாப் போனா, இந்த நாற்காலிய விட்டு நானே எழுந்து போயிடுறேன்.”

ஆலை இயக்குநர் கல்ஃபான் சரியென்றார்.

மறுநாள் பாங்கு சொன்னதும் வந்தார்கள், முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட. உளூச் செய்த கையைத் துடைத்துக்கொண்டு வருகிற வழக்கம் எங்கள் ஆட்களிடம் கிடையாது. முதல் விரலுக்கே சிவப்பு விளக்கு. அடுத்தவருக்கும் சிவப்பு. வரிசை குழாயடிவரை நீண்டது. இயக்குநர் மூன்று முறை விரலை வைத்தார், திஷ்தாஷா அங்கியில் துடைத்துவிட்டு நான்காம் முறையும் வைத்தார். சொந்த ஆலையிலேயே அவரை யாரோ என்றது கருவி. எதிரே பள்ளிவாசலில், தொழுகை தொடங்கப்போகிறது என்னும் இகாமத் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நான் சாவியைப் போட்டு வாசலைத் திறந்துவிட்டேன். எல்லாரும் ஓடினார்கள், ஹைதமும்தான்.

தொழுகை முடிந்து குழு கூடியது. ஸுவைனாவின் திட்டம்தான் என்று இயக்குநர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். தேர்வு அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், ‘தயாரித்த பொறியாளர்’ என்ற இடத்தில் ஹைதமின் பெயர் ஏற்கெனவே இருந்தது. அவரே அதை அடித்துவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினார்.

“பொறியாளர்னு அச்சடிச்சிருக்கே,” என்றேன்.

“அதையும் அடிச்சிட்டு, நீங்க யாரோ அதை எழுதுங்கக்கா.”

அடித்தேன். ஸுவைனா பின்த் மர்ஹூன், வாசல் மேற்பார்வையாளர் என்று எழுதினேன். கொஞ்சம் பெரிய எழுத்திலேயே எழுதினேன்.