இடது கண்ணுக்கு ஒரு மாதம்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் பதினெட்டு வருஷமாக லென்ஸ் தேய்க்கிறவன், சொந்த மகளுக்குப் பார்வை சரியில்லை என்பதைக் கண்டுபிடிக்கவில்லை. அதோடு விட்டானா? அதைப் பெருமையாக வேறு பேசிக்கொண்டு திரிந்தான்.

மகளுக்கு இரண்டு வயதும் கொஞ்சமும். வீட்டில் சுண்டெலி என்றுதான் கூப்பிடுவார்கள். எதை எடுத்தாலும் மூக்குநுனி வரைக்கும் கொண்டுபோய்த்தான் பார்ப்பாள். சட்டைப் பட்டன், பாட்டில் மூடி, எறும்பின் கால் என்று எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதை.

"அப்படியே என்னை மாதிரி. சோதிச்சுப் பாக்காம எதையும் கீழ வைக்கமாட்டா," என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான். கேட்டவர்களும் தலையை ஆட்டினார்கள். தலையை ஆட்டுவதற்கு என்ன செலவு?

ஒருநாள் கண் டாக்டரம்மா ஏதோ பிரேமைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். அன்று அப்பனோடு கடைக்கு வந்திருந்த சுண்டெலி ஒரு பில் துண்டை மூக்கில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். பேச்சை நிறுத்திவிட்டு, "பாப்பாவை நாளைக்கு என்கிட்ட கூட்டிட்டு வாங்க," என்றாள்.

மறுநாள் சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்துப் பார்த்து, எண்களை எழுதிக் கொடுத்தாள். வலது கண் மைனஸ் மூன்று. இடது கண் மைனஸ் ஏழு.

"எழுத்தே தெரியாத பிள்ளைக்கு எப்படிம்மா அளந்தீங்க?" என்று கேட்டான்.

"விளக்கு வெளிச்சம் உள்ள போய்த் திரும்பி வர்றதை வச்சு அளக்கறதுதான். பாப்பா வாயைத் திறக்க வேண்டாம்."

அவன் நம்பவில்லை. டாக்டர் சொன்னதும் நம்பிவிடுகிற ஆளா அவன்? ஊரின் மறுகோடியில் இருந்த இன்னொரு டாக்டரிடம் காட்டினான். அங்கேயும் அதே எண். அதற்குப் பிறகுதான் டாக்டரம்மாவின் பேச்சு மண்டையில் ஏறியது.

"இடது கண்ணு ரொம்ப மோசம். இப்படியே விட்டா மூளை அந்தக் கண்ணே வேண்டாம்னு ஒதுக்கி வச்சிடும். அப்புறம் என்ன கண்ணாடி போட்டும் பிரயோஜனம் இல்ல. முழிச்சிருக்கற நேரமெல்லாம் கண்ணாடி மூக்குல இருக்கணும். ஒரு மாசம் கழிச்சுப் பாக்கறேன்."

லென்ஸை அவனே தேய்த்தான். வேறு யாரையும் தொடவிடவில்லை. விளிம்பைத் தன் கன்னத்தில் உரசி உரசிப் பார்த்தான். ரப்பர் பிரேம், பின்னந்தலைக்கு மெத்தென்று ஒரு பட்டை. ராஜகுமாரிக்குக்கூட யாரும் அப்படிச் செய்து கொடுத்திருக்க மாட்டார்கள்.

ராஜகுமாரி அதைக் கழற்றித் தரை துடைக்கிற வாளிக்குள் போட்டாள்.

மாட்டினால் கழற்றினாள். மறுபடி மாட்டினால் மறுபடி கழற்றினாள். பட்டையை இறுக்கினால் மூச்சுமுட்ட அழுதாள். பிஸ்கட் கொடுத்தால், கடைசித் துண்டு தொண்டையில் இறங்கும்வரை போட்டிருந்து, பிறகு நாணயமாகக் கழற்றினாள்.

"ஊர்ல உள்ள மூக்குலெல்லாம் நிக்க வைக்கறீங்க, பெத்த பொண்ணு மூக்குல நிக்க வைக்கத் தெரியலையே," என்றாள் மனைவி.

"நீதான் மாட்டிப் பாரேன்."

மாட்டிப் பார்த்தாள். கண்ணாடி செருப்புக்குள் கிடந்தது.

கடையில் கவுன்டரில் நிற்கிற மினுக்கனுக்கு இது தினம் ஒரு வேடிக்கை. "அண்ணே, பாப்பா கண்ணாடி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. அலமாரிக்கு அடியில."

சிரிப்புக்காகத்தான் அப்படிச் சொன்னான். உள்ளே நாளை எண்ணிக்கொண்டிருந்தான். இரண்டு வாரம் போய்விட்டது. அந்தச் சின்ன மண்டைக்குள் இடது கண்ணை ஒதுக்கிவைக்கிற வேலை தினம் கொஞ்சம் கொஞ்சமாக நடந்துகொண்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

காலையில் பிள்ளை அவன் பொறுப்பு. மனைவி வேலைக்குப் போய் மதியம் திரும்புவாள், அதற்கப்புறம்தான் அவன் கடைக்குக் கிளம்புவான். மூன்றாவது வாரம் ஒரு காலையில் கெஞ்சுவதையும் அதட்டுவதையும் விட்டுவிட்டான். லென்ஸில் கோளாறு வந்தால் எங்கே வருகிறது, எப்போது வருகிறது என்றுதானே பார்ப்பான். அதே மாதிரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சும்மா பார்த்தான்.

சுண்டெலி கண்ணாடியோடு கூடத்தில் ஓடினாள். கழற்றவில்லை. தரையில் எறும்பைக் கண்டாள். குந்தினாள், கழற்றினாள், குனிந்தாள். எறும்பு சுவரிடுக்கில் நுழைந்தது. எழுந்து ஓடினாள். அடுத்து மாட்டியபோது பேசாமல் இருந்தாள். ஒரு நூல் கிடைத்தது. உடனே கழற்றினாள்.

அட! கிட்டத்தில் பார்க்க அவளுக்குக் கண்ணாடி எதற்கு? ஒரு சாண் தூரத்தில் அவன் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுவதை அவள் வெறுங்கண்ணால் பார்ப்பாள். கிட்டத்துக்கு வேண்டாம் என்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. பதினெட்டு வருஷம் இதே தொழில் பார்க்கிற முட்டாள் அப்பனுக்குத் தெரியவில்லை. தூரத்துக் கண்ணாடியை மாட்டித் தரையில் உட்காரவைத்தால் எவள் போட்டிருப்பாள்? அடம் என்று நினைத்தது அடமே இல்லை. சுத்தமான அறிவு. அவனுக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடவேண்டும் போல இருந்தது.

அவளைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனான். வீடு மூன்றாவது மாடி. ஸ்டூலில் நிற்கவைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியை மாட்டினான். தெருவுக்கு அந்தப்பக்கம் சலவைக் கடை. அங்கேதான் அவன் மனைவிக்கு வேலை. வாசலை ஒட்டி நின்று ஒரு வெள்ளைப் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள்.

சுண்டெலியின் வாய் திறந்தது. பிறகு மெதுவாக, "அம்மா," என்றாள்.

கண்ணாடியைக் கழற்றினாள். அம்மா இல்லை. அப்பனைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அம்மாவை அவன் எங்கோ ஒளித்துவைத்த மாதிரி! கண்ணாடியைத் தானே மூக்கில் வைத்தாள், தலைகீழாக. அவன் திருப்பிவிட்டான். அம்மா இருந்தாள். கழற்றினாள், இல்லை. வைத்தாள், இருந்தாள். ஆறு தடவை பார்த்தாள். ஒரு தடவையில் நம்பிவிடுகிற குடும்பமா அது?

"அம்மாஆஆ!"

மனைவி நிமிர்ந்தாள். ஜன்னலில் பிள்ளை இரண்டு கையையும் ஆட்டுவதைக் கண்டதும் போர்வையோடு தெருவுக்கு ஓடிவந்தாள்.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல! அங்கயே நில்லு!"

"வேலை கிடக்குதுங்க!"

"கிடக்கட்டும், நில்லுடி! உன்னைப் பாக்கறா! இங்கருந்தே தெரியற, உன்னைத்தான் பாக்கறா!"

அவள் போர்வையை மார்போடு அணைத்தபடி தெருவோரத்தில் அப்படியே நின்றாள். போகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள். உள்ளிருந்து யாரோ கத்திக் கூப்பிட்ட பிறகுதான், பின்பக்கமாகவே நடந்து கடைக்குள் போனாள்.

அதற்கப்புறம் சுண்டெலி உலகத்தைக் கணக்கெடுக்க ஆரம்பித்தாள். "அது?" நாய். "அது?" பெயின்டர் மாமா. "அது?" தண்ணித் தொட்டி. கேள்வி ஓயவில்லை, அவனுக்குத் தொண்டை வறண்டது. எறும்பு, நூல் எதுவும் அவள் நினைவில் இல்லை. எதிர்க் கட்டடத்துக்கும் மேலே வானத்தில் எதையோ காட்டினாள்.

"அது?"

அவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "அங்க ஒண்ணும் இல்லையேடா."

"இக்கு."

"எங்க? எனக்குத் தெரியலையே."

பாவம் அப்பா என்று தோன்றியிருக்க வேண்டும். தன் கண்ணாடியைக் கழற்றி, பட்டை கன்னத்தில் தொங்க, அவன் மூக்கில் வைத்து அழுத்தினாள். மைனஸ் ஏழில் தெரு முழுக்கச் சுருங்கி நீந்தியது. கண்ணில் தண்ணீர் வந்தது. பவரினால்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

"ஆமாடா செல்லம், தெரியுது," என்றான்.

அவள் அதை நம்பினமாதிரி தெரியவில்லை. அவன் மூக்கிலிருந்து கண்ணாடியைப் பறித்துக்கொண்டாள்.

"பாப்பாது," என்று சொல்லி, தன் மூக்கில் வைத்துக்கொண்டு, மறுபடியும் வானத்தைப் பார்க்கத் திரும்பினாள்.