காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு

"எரியுதாக்கா?"

"உன் வேலையப் பாருடி."

"கேக்குறேன்ல?"

"எரியல. எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு, அவ்வளவுதான்."

தேர்வுக் கூடத்தில், அக்காவின் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்த பாப்பாவின் கையில் பிரஷ் அப்படியே நின்றது. பாப்பா என்பது அக்கா கூப்பிடுகிற பேர். ஆளுக்கு வயது முப்பத்தாறு. லைசென்ஸ் இல்லாததால் பதினோரு வருஷமாக அழகு நிலையங்களில் அடுத்தவர் வெட்டிய முடியைக் கூட்டிக்கொண்டிருந்தவள். பயிற்சிக் கூடத்தில் ஆயிரத்து ஐந்நூறு மணி நேரத்தை முடித்துவிட்டு, தேர்வில் இரண்டு தடவை தோற்றிருந்தாள். இது மூன்றாவது, கடைசி. இதுவும் போனால் அந்த மணி நேரமெல்லாம் செல்லாது.

சாயம் பூசுவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்துப் பார்க்க வேண்டும். தடித்தால் அந்தச் சாயம் அந்த ஆளுக்கு ஆகாது. பார்த்ததற்குச் சாட்சியாக, தலை கொடுக்கிறவர் கையெழுத்துப் போட்ட தாளைத் தேர்வில் காட்ட வேண்டும். தலை கொடுக்க ஒப்புக்கொண்ட பெண் நேற்றுச் சாயங்காலம் காய்ச்சல் என்று கைவிரித்துவிட்டாள். சலவைக்கூடத்தில் வேலை முடித்து அப்போதுதான் அக்கா வீட்டுக்குள் வந்தாள்.

"ரெண்டு நாளைக்கு முந்தின தேதி போட்டுக் கையெழுத்துப் போடுக்கா."

"போட்டாப் போச்சு. வருஷக்கணக்கா சோப்புத் தண்ணியில கிடக்குற உடம்பு. எருமைத் தோலுடி இது!"

இருவரும் சிரித்தார்கள். அது நேற்று.

தேர்வாளரம்மா எழுத்துப் பலகையோடு வந்து நின்றாள். "உங்களுக்கு ஏதாவது தொந்தரவு இருக்காம்மா?"

"ஒண்ணுமில்லைங்க மேடம். சுகமா தூக்கம் வருது."

அவள் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த நாற்காலிக்குப் போனாள். அக்காவின் நெற்றியோரம் சிவந்து, இமை உப்பிக்கொண்டு வந்தது.

"கழுவிடட்டுமாக்கா?"

"இன்னும் எவ்வளவு நேரம்?"

"எட்டு நிமிஷம்."

"இப்பக் கழுவினா ஏன்னு கேப்பா. அந்தத் தாளை எடுத்துப் பார்ப்பா. உன்னை உள்ளயே விடமாட்டாங்க அப்புறம். பேசாம நில்லு."

எரிச்சல் என்று சொன்னால் உடனே கழுவு. பயிற்சிக் கூடத்தின் முதல் பாடமே அதுதான். தண்ணீர்க் குழாய் மூன்றடியில் இருந்தது. பாப்பா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எட்டு நிமிஷமும் நின்றுவிட்டுத்தான் அலசினாள். அக்கா தலைத்துண்டைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நேரம் கச்சிதம்," என்றாள் தேர்வாளரம்மா. தேர்ச்சிச் சீட்டு கைக்கு வந்தது.

வெளியே வராந்தாவில் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். கண் இரண்டும் மூடிப்போயிருந்தன. மூச்சு விசில் மாதிரி வந்தது.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுவிட்டு டாக்டர் கேட்டார்: "சாயத்துக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணினீங்களா?"

"பண்ணினோம்," என்றாள் பாப்பா.

"தடிக்கலையா?"

"இல்ல."

"அப்ப சாயம் இல்ல போல. காலையில என்ன சாப்பிட்டாங்க? புதுசா மாத்திரை ஏதாவது?"

நர்ஸ் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத ஆரம்பித்தாள். அக்காவின் உதடு நீலம் பூத்தது. அவள் விரல்கள் பாப்பாவின் மணிக்கட்டை இறுக்கின. சொல்லாதே என்கிற பிடி, சின்ன வயதிலிருந்து பழகின பிடி.

"டெஸ்ட் பண்ணல டாக்டர். தேதி பொய். எரியுதுன்னு தெரிஞ்சும் நான் கழுவல."

டாக்டர் அவள் முகத்தை ஒரு கணம்தான் பார்த்தார். "தலையை மறுபடி அலசுங்க! இன்னொரு ஊசி எடு!"

அக்கா பிழைத்தாள். ஆஸ்பத்திரியில் சொன்னது தேர்வு அலுவலகம்வரை போய், வாங்கின மறுவாரமே தேர்ச்சிச் சீட்டை அங்கே திருப்பிக் கொடுக்கவேண்டி வந்தது. அக்காவின் முன்தலையில் உள்ளங்கை அகலத்துக்கு முடி கொட்டியிருந்தது. பாப்பா அதில் களிம்பு தடவிக்கொண்டிருந்தாள்.

"எரியுதாக்கா?"

அக்கா அவள் கையை விலக்கினாள்.

"அந்த எட்டு நிமிஷமும் எப்படி எரிஞ்சுது தெரியுமா? பல்லைக் கடிச்சுட்டு உக்காந்திருந்தேன். நீ போய்ச் சொல்லிட்டு வந்து நிக்கிற. அப்ப நான் யாருக்காகடி உக்காந்திருந்தேன்?"

பாப்பா களிம்பை மூடி வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள்.