ஊர் பிழைக்கக்கூடாது

"உந்தப் பேரை எடுத்தாச்சோ?" என்று அச்சக முதலாளி சண்முகநாதன் கேட்டது அன்று மூன்றாம் தடவை. அச்சு இயந்திரத்துக்குப் பின்னால் நின்றபடி கேட்டார். முகம் தெரியவில்லை, குரல்தான் வந்தது. றெஜினா கணினியைப் பார்த்தபடியே "இல்லை அண்ணை" என்றாள். அதற்கு மேல் ஒரு சொல் சொன்னால் சண்டையாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். காலை பத்து மணிக்கே சண்டையைத் தொடங்கிவிட்டு, பின்னேரம்வரை அந்த மனிதனோடு ஒரே அறைக்குள் எப்படிக் குந்தியிருப்பது?

திரையில் ஒரு மலை இருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை நகரத்தின் வடக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் வீடு விற்கும் கண்காட்சி. விற்கப்போவது ரொறன்ரோ வீடுகளை அல்ல. இஸ்ரேல் பிடித்து வைத்திருக்கும் மேற்குக் கரையில், ஒரு மலை உச்சியில், யூதர்களுக்கென்று கட்டப்படுகிற சிவப்பு ஓட்டு வீடுகளை. அதற்கு அடிக்க வேண்டியது பன்னிரண்டு பக்கக் கையேடு. முதல் பக்கத்தில், இந்த நாட்டை உன் வழிமரபினருக்குக் கொடுப்பேன் என்று கடவுள் ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்குறுதி கொட்டை எழுத்தில் இருந்தது. மன்னாரில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பிலேயே றெஜினா அதை மனப்பாடம் செய்தவள். பூசையில் இஸ்ரயேலே என்று பாடும்போதெல்லாம் அது தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று இந்த ஐம்பத்து நாலு வயது வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தவளும்கூட. ஒன்பதாம் பக்கத்தில் வரைபடம். மலை, பாதை, பள்ளிக்கூடம், தொழுகைக்கூடம், சிறுவர் பூங்கா. மலையின் காலடியில், ஏதோ பழைய வரைபடத்திலிருந்து தப்பித் தவறி வந்துவிட்ட பொடி எழுத்தில் ஒரு பாலஸ்தீன ஊரின் பெயர். தெய்ர் லோஸ். அதை எடுத்துவிட்டு அந்த இடத்துக்குப் பச்சை நிறம் கொடுக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. திங்கட்கிழமையிலிருந்து அவள் அதைச் செய்யாமல் இருக்கிறாள். இன்று புதன்.

அழிப்பது அவளுக்குப் புதிதா என்ன! பதினான்கு வருடமாக அந்தக் கதிரையில் இருந்து அதைத்தான் செய்கிறாள். கலியாண வீட்டுப் படத்திலிருந்து செத்தவரை மட்டும் வெட்டி எடுத்து மரண அறிவித்தலில் போடுவாள். அவர் தோளில் கிடக்கும் அடுத்தவர் கையை அழிப்பாள். கோபித்துக்கொண்டு போன மருமகன்மாரைக் குடும்பப் படத்திலிருந்து தடயமில்லாமல் துடைத்திருக்கிறாள். அவர்கள் சமாதானமாகித் திரும்பி வந்தபோது மறுபடியும் ஒட்டியும் கொடுத்திருக்கிறாள். அதற்கெல்லாம் அவள் மனம் ஒரு நாளும் இடறியதில்லை. ஊர்ப்பெயர் வேறு.

ஏன் வேறு என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே சண்முகநாதன்தான். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் என்றுதானே நம் சனத்தின் சாவு அறிவித்தல் தொடங்கும். ஒருமுறை கரம்பனில் பிறந்த ஒருவருக்குப் பக்கத்து ஊரைப் போட்டு முந்நூறு அட்டை அடித்துவிட்டாள். செத்தவரின் மகன் வந்து அட்டைப் பெட்டியைக் கவுண்டரில் பொத்தெனப் போட்டு, "அப்பாவை ஊர் மாத்திச் சாக்காட்டிப்போட்டியள்" என்று கத்தியது பிளாசா முழுக்கக் கேட்டது. அன்றைக்கே சண்முகநாதன் ஒரு தாளில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டார். பெயர் பிழைத்தாலும் ஊர் பிழைக்கக்கூடாது. வளைகாப்பு அழைப்பிதழ் அடிக்க வந்த ஸ்ரீநிதி என்ற சென்னைப் பெண் அதை வாசித்துவிட்டு வாயைப் பொத்தினாள். "என்ன சார் இது, ஊரே பிழைக்கக்கூடாதுன்னு சாபம் விட்டு வச்சிருக்கீங்க?" பிழைப்பது என்றால் உங்களுக்கு உயிர் தப்புவது, எங்களுக்குத் தவறிப்போவது என்று விளங்கப்படுத்தி முடிய மூன்று பேரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை கையேட்டுக்காரர் நேரிலேயே வந்தார். யோனதான் என்று பெயர். முப்பத்தைந்து வயதிருக்கும். உச்சந்தலையில் பின்னல் தொப்பி. இங்கே தோர்ன்ஹில்லில் பிறந்து வளர்ந்து, இப்போது அந்த மலையிலே மனைவியோடும் ஐந்து பிள்ளைகளோடும் குடியிருக்கிறாராம். சும்மா சொல்லக்கூடாது, பண்பான மனிதர். கதவைத் திறந்து பிடித்தார், றெஜினாவின் பெயரைக் கேட்டுச் சரியாக உச்சரித்தார், கடைசிக் குழந்தை ஆட்டுக்குட்டியைக் கட்டிப்பிடித்து நிற்கிற படத்தைக் கைபேசியில் காட்டினார். ஒன்பதாம் பக்கத்துப் பெயரை எடுக்கச் சொன்னபோதும் அதே மென்மையான ஆங்கிலத்தில்தான் சொன்னார், அது வாங்க வருகிறவர்களைக் குழப்பும் என்று. அங்கே ஆட்கள் இல்லையா என்று றெஜினா கேட்டாள். இருக்கிறார்கள், ஆனால் அது ஊர் என்று சொல்ல முடியாது, வேறெங்கிருந்தோ வந்தவர்கள், எங்களுடைய மூதாதையர் அங்கே நடந்தபோது அவர்கள் எவரும் அங்கே இல்லை என்றார். பிறகு குரலைத் தணித்து, அந்த ஊரைத் தாண்டிப் போகும் பாதையில்தான் என் மைத்துனனைச் சுட்டுக் கொன்றார்கள், அவனுக்கு இருபத்திரண்டு வயது என்றார். அவர் கண் கலங்கியது பொய்யில்லை.

சண்முகநாதனுக்கோ கால் தரையில் நிற்கவில்லை. ஒவ்வொரு சங்கக் கூட்டத்திலும் அவர் பேசுகிற பேச்சு அது. யூதரைப் பாருங்கோ, இரண்டாயிரம் வருடம் நாடில்லாமல் அலைந்த சனம், நாட்டை எடுத்துக் காட்டினார்களா இல்லையா! இப்போது சாட்சாத் ஒரு யூதரே கடைக்குள் நிற்கிறார். விடுவாரா? நாங்கள்தான் ஆசியாவின் யூதர்கள் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் மருதங்கலட்டி என்ற தன் ஊரைச் சொன்னார். முப்பத்தைந்து வருடமாக இராணுவம் வேலி போட்டு வைத்திருப்பதையும், பிறந்த வீடு இருந்த இடத்தில் புத்த விகாரை எழும்பியிருப்பதையும், ஊருக்குச் சிங்களப் பெயர் வைத்துப் பலகை நட்டிருப்பதையும் சொன்னார். யோனதான் உண்மையிலேயே வருத்தப்பட்டார். நீங்களும் ஒரு நாள் திரும்பிப் போவீர்கள் என்றார். சண்முகநாதன் அன்று பின்னேரம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். அதோடு ஒரு புதினச் செய்தியும் வைத்திருந்தார். இந்த வேலை முதலில் பாதர்ஸ்ட் வீதியிலுள்ள வேறொரு அச்சகத்துக்குத்தான் போனதாம். கையேட்டைப் பார்த்த முதலாளி, இது என் கையால் நடக்காது என்று திருப்பி அனுப்பிவிட்டாராம். "அவரும் ஒரு யூதன்தானாம், விசரன்!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். றெஜினாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எந்த மனிதனோ தெரியாது, அவருக்குத் தன் பெயரில் ஒரு கடை இருந்தது, முடியாது என்று சொல்ல முடிந்தது. அவளுக்கு இருப்பது இந்தக் கதிரை மட்டும்தான். தமிழ் எழுத்து அடுக்குவதைத் தவிர வேறு தொழில் தெரியாத ஐம்பத்து நாலு வயதுக்காரிக்கு இந்த நகரத்தில் எவன் வேலை தருவான்?

இன்று பதினொரு மணிக்கு சண்முகநாதன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவள் மேசைக்கே வந்து நின்றார்.

"றெஜினா, என்ன உமக்குப் பிரச்சினை? பத்து எழுத்தும் வராத ஒரு பேர்."

"அங்க ஆக்கள் இருக்கினம் அண்ணை."

"நீர் போய்ப் பாத்தனீரோ?"

"அந்தாளே சொல்லிச்சுதே இருக்கினம் எண்டு."

"அது அவையின்ர பிரச்சினை. நாங்கள் அச்சடிக்கிற ஆக்கள். மத்தியானத்துக்குள்ள பைலை முடிச்சுத் தாரும்" என்றுவிட்டுப் பக்கத்துக் கடைக்கு ரொட்டி வாங்கப் போனார். பக்கத்துக் கடை அரபுக்காரர்களின் பேக்கரி. இந்த வெக்ஸ்போர்ட் பகுதியில் லோறன்ஸ் அவெனியூ நெடுக அவர்களுடைய கடைகள்தான். தினமும் அங்கேதான் அவருக்குச் சாப்பாடு. அந்தப் பேக்கரிக்காரி எந்த ஊர் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. ஊர் கேட்காமல் ஒரு தமிழனோடும் இரண்டு வார்த்தை பேசாத மனிதன்!

அவர் திரும்பி வருவதற்குள் றெஜினா வரைபடத்தை மூடிவிட்டு வேறொரு பைலைத் திறந்தாள். சண்முகநாதனின் அக்கா சிவபாக்கியத்தின் கல்வெட்டு. முப்பத்தோராம் நாளுக்குப் பந்தியில் கொடுக்கிற நினைவுப் புத்தகம். அக்கா செத்து மூன்று கிழமை ஆகிறது. வாழ்க்கை வரலாற்றை அவரே அழுது அழுது எழுதிக் கொடுத்திருந்தார். றெஜினா முதல் வரிக்குப் போனாள். நல்ல மனிசி அந்த அக்கா. றெஜினாவுக்குச் சத்திரசிகிச்சை நடந்தபோது இரண்டு பஸ் மாறி சூப் கொண்டுவந்து கொடுத்தவ. செய்யப்போவது கேவலமான வேலை என்று றெஜினாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் செய்தாள். பிழை பார்க்கத் தாளில் எடுத்து, அவர் வந்து கை துடைத்ததும் நீட்டினாள்.

"அண்ணை, அக்கான்ர புறூவ்."

கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, வழக்கம்போல உரக்க வாசித்தார். "யாழ்ப்பாணம்... ஐப் பிறப்பிடமாகவும்..." நின்றார். மறுபடியும் தொடக்கத்துக்குப் போனார். யாழ்ப்பாணம் என்ற சொல்லுக்குப் பிறகு வெள்ளையாக ஒரு விரல் நீளம் இடம் கிடந்தது.

"என்ன இது? ஊர் எங்க?"

"எடுத்திட்டன்."

"என்னத்தை எடுத்தனீர்?"

"அங்க இப்ப ஆமிதானே அண்ணை. விகாரையும் கட்டியாச்சு, பேரும் மாத்தியாச்சு. நீங்கள்தான் சொன்னனீங்கள். வாசிக்கிற சனத்துக்குக் குழப்பமா இருக்கும். துப்புரவாக் கிடக்கட்டும் எண்டு எடுத்திட்டன்."

சண்முகநாதனின் முகத்தில் இரத்தம் ஏறியது. "செத்த மனிசியில கை வைச்சிட்டீரே! உமக்கு விசரே? எங்கட காணியைப் பறிச்சவங்கள் அவங்கள். பரம்பரை பரம்பரையா இருந்த மண். என்னட்டைக் காணி உறுதி இருக்கு. உதுவும் இதுவும் ஒண்டோ?"

"அந்தச் சனத்திட்டையும் உறுதி இருக்கும்."

"நீர் கண்டனீரோ?"

"உங்கட உறுதியையும் நான் கண்டதில்லை அண்ணை. நீங்கள் சொன்னனீங்கள், நம்பினன்."

றெஜினாவுக்கு இனி நிறுத்த முடியவில்லை. பதினான்கு வருடம் அந்த அறைக்குள் ஓம் அண்ணை, சரி அண்ணை என்று சொன்ன வாய் அது.

"உங்கட வீட்டை இடிச்சு விகாரை கட்டினவங்கள் என்ன சொல்லுறாங்கள்? ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னம் தங்கட ஆக்கள் அங்க இருந்தவையாம். நிலத்தைக் கிண்டிக் கல்லும் எடுத்துக் காட்டுறாங்கள். நீங்கள் பிறகு எங்கயோ இருந்து வந்தனீங்களாம். திங்கக்கிழமை அந்தாள் இதில நிண்டு சொன்னது வேற என்ன? நாங்கள் யூதர், நாங்கள் யூதர் எண்டு கத்துறியளே, உந்த மலையில நாங்கள் ஆர் அண்ணை? மேல இருக்கிறவையோ, கீழ இருக்கிறவையோ?"

"மூடும் வாயை!"

வாசலால் வந்த ஒரு வாடிக்கையாளர் அந்தச் சத்தத்தைக் கேட்டு அப்படியே திரும்பிப் போனார். சண்முகநாதன் மூச்சு வாங்கினார். அழப்போகிறாரோ என்று ஒரு கணம் றெஜினா நினைத்தாள். இல்லை. தாளைக் கசக்கி அவள் மேசையில் எறிந்தார்.

"அக்கான்ர ஊரைப் போடும். போட்டிட்டு எழும்பும். மற்ற வேலையை நானே செய்யிறன். நாளைக்கு நீர் வரத் தேவையில்லை."

ஆக, முடிந்தது. ஆனாலும் கல்வெட்டைத் திறந்து, மருதங்கலட்டி என்று ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். அக்கா என்ன பிழை செய்தவ? ஒருமுறைக்கு இருமுறை வாசித்துப் பார்த்துச் சேமித்தாள். பிறகு மேசையிலிருந்த தன் கண்ணாடிக் கூட்டையும் செபமாலையையும் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து, ஆணியில் தொங்கிய குளிர்ச் சட்டையை எடுத்தாள்.

சண்முகநாதன் அவள் கதிரையில் உட்கார்ந்தார். கதிரை அவருக்குத் தாழ்வாக இருந்தது, முழங்கால் மேசையில் இடித்தது. இயந்திரத்தின் ஒவ்வொரு திருகாணியும் தெரிந்த மனிதர், கணினியை மின்னஞ்சல் பார்க்க மட்டும்தான் தொடுவார். ஒன்பதாம் பக்கத்தைத் தேடிப் பிடித்தார். மவுஸைப் பெயரில் அமத்தப்போய் மலையில் அமத்தினார். சிவப்பு ஓட்டு வீடுகளெல்லாம் ஒன்றாகக் கழன்று தாளுக்கு வெளியே போயின. "அட சனியனே" என்று முணுமுணுத்து எப்படியோ அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தார். அடுத்ததாகத் தொழுகைக்கூடம் நழுவியது, அதையும் பிடித்து வைத்தார். எழுத்து கண்ணுக்குப் பொடியாக இருந்ததாக்கும், படத்தைப் பெரிதாக்கினார். பெரிதாக்கப் பெரிதாக்க மலை போயிற்று, பாதை போயிற்று, பூங்கா போயிற்று, கடைசியில் திரையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் அந்தப் பெயர் மட்டுமே நின்றது. ஒவ்வொரு எழுத்தும் அவருடைய கையளவு.

கல்வெட்டைப் புறூவ் பார்க்கிற அதே பழக்கத்தில் அவர் அதை உரக்க வாசித்தார். "தெய்ர்... லோஸ்." இன்னொருமுறை வாசித்தார். சுட்டுவிரல் மவுஸின் மேலேயே இருந்தது, அமத்தவில்லை.

றெஜினா ஒரு கையை மட்டும் சட்டைக்குள் நுழைத்தபடி கதவடியில் நின்றாள்.

"றெஜினா," என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல். "இதை எப்பிடி அழிக்கிறது?"