கடைசி ஆள் சட்டை

கார் கதவைத் திறந்து, இடது காலைக் கையால் தூக்கி வெளியே வைத்துக்கொண்டிருந்தபோது டெல்மா என்னை நோக்கி வருவதைப் பார்த்தேன். மெதுவாக வந்தாள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் ஊர் நீச்சல் குளத்தை ஓய்வு பெறும்வரை நடத்தியவள் அவள்; சாதாரணமாக நடந்தாலே யாரோ மூழ்கிக்கொண்டிருக்கிற மாதிரிதான் நடப்பாள். இன்றைக்கு எங்கள் நடைக் குழு நண்பன் ரெக்ஸின் வண்டி டயரைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், பிறகுதான் என்னைப் பார்த்தாள். வாங்க வந்த பொருளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தபடி வருகிற வாடிக்கையாளரை நான் கல்லாவில் உட்கார்ந்து நிறையப் பார்த்திருக்கிறேன். ஏதோ பேரம் வருகிறது என்று தெரிந்துவிட்டது.

என்ன பேரம் என்பதும் தெரியும். எங்கள் ஊரில் ஜனவரிதான் கோடை; அந்த வெயிலில் எனக்கு மூளையில் ஒரு அடைப்பு. சின்னது என்றார் டாக்டர். மூன்று தலைமுறைத் துணிக்கடைக் குடும்பம் நாங்கள். லெபனானிலிருந்து வந்த தாத்தா, மர்ரே ஆற்றங்கரைப் பண்ணை வீடுகளில் துணி மூட்டையை முதுகில் சுமந்து விற்றவர். கிழிசலைச் சின்னது என்று சொல்வது எதற்காக என்று எனக்குத் தெரியாதா? கை திரும்பி வந்தது, பேச்சு திரும்பி வந்தது, அதுவும் முன்னைவிட அதிகமாக வந்துவிட்டதாக என் மனைவி கொலீன் சொல்கிறாள். இடது கால் மட்டும் ஒரு எட்டு பின்னாலேயே வருகிறது.

வியாழக்கிழமை நடைக் குழுவில் நான் சேர்ந்தது கடையை விற்ற வருடம். ஆற்றோரக் காட்டில் காலையில் நடப்போம். இலையுதிர் காலத்தில் ஒரு தடவை ஆற்று வளைவில் கூடாரம் போட்டு இரண்டு ராத்திரி தங்குவோம். அடைப்புக்குப் பிறகு வந்த நடைகளில் நான் எப்போதும் ஒரு வளைவு பின்னால். பாதை பிரியும் இடத்தில் மற்றவர்கள் எனக்காக நிற்பார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, ஒரு கதை பேசி முடித்திருப்பார்கள். என் தலை தெரிந்ததும், வந்துட்டான், கிளம்பலாம் என்று எழுந்துவிடுவார்கள். அன்பாகத்தான். ஆனால் ஓய்வு தேவையில்லாதவர்களுக்கெல்லாம் ஓய்வு கிடைத்தது, எனக்கு மட்டும் கிடைக்கவில்லை. நான் காட்டைப் பார்த்து மாதக்கணக்கு ஆகிவிட்டது. பூட்ஸ் முனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்தங்குகிறவர்கள் இந்த வருடம் கூடாரத்துக்கு வராமலிருந்தால் நல்லது என்று குழுக் கூட்டத்தில் யாரோ பாதுகாப்புக் காரணம் சொன்னதாகக் காதில் விழுந்திருந்தது. கூடாரத்துக்குக் கிளம்புகிற இன்றைக்கு வேண்டாம் என்றால் இனி எந்த வியாழனும் கிடையாது. நடக்காமல் கூடாரத்தில் உட்கார்ந்து அடுப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்பது என் கடைசி விலை. அதை முதலில் சொல்லக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன்.

"ரெக்ஸுக்கு முட்டி சரியில்ல," என்றாள் டெல்மா. "இந்தத் தடவை சட்டைய நீ போட்டுக்கறியா?"

சட்டை என்றால் ஆரஞ்சு நிறத்தில் கையில்லாத ஒன்று, சாலை வேலைக்காரர்கள் போடுவது. வரிசையின் கடைசி ஆள் அதைப் போட்டுக்கொள்வார். அவருக்குப் பின்னால் யாரும் போகக் கூடாது, ஒன்றுக்குப் போவதானாலும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். பாதை பிரிகிற இடத்தில் அவர் வந்து, எல்லாரும் இருக்கிறார்கள், கிளம்பலாம் என்று வாயைத் திறக்கும்வரை யாரும் நகர முடியாது. ரெக்ஸ் பால்பண்ணை வைத்திருந்தவன். வாழ்நாள் முழுக்க மாடுகளுக்குப் பின்னால் நடந்தவன் என்பதால் அந்த வேலை அவனுக்கே நிரந்தரமாகிவிட்டது.

கேட்டவுடன் சரி என்று சொல்கிறவனை எங்கள் வீட்டில் மனிதனாக மதித்ததில்லை. தண்ணீர்க் குப்பியை எடுத்துக் குலுக்கிப் பார்த்தேன். அது பொறுப்பான வேலையாயிற்றே என்றேன். ரெக்ஸையே இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கலாமே என்றேன். ரெக்ஸ் வண்டியில் சாய்ந்து, இடது முழங்காலைத் தேய்த்தபடி, தன் சவப்பெட்டிக்கு மரம் பார்க்க வந்தவன் மாதிரி நின்றிருந்தான். பிறகு என் நிபந்தனைகளைச் சொன்னேன். காட்டில் வெளிக்குப் போகக் குழி தோண்டும் மண்வெட்டியை நான் சுமக்க மாட்டேன். கூடாரத்துக்கு இடம் முதலில் எனக்கு. இது சின்ன விஷயமில்லை. எங்கள் ரெட்கம் என்கிற தைல மரம் காற்றே இல்லாத மத்தியானத்தில் யானை கனத்தில் கிளையைக் கழற்றிப் போடும், அதனால் அதன் கீழே யாரும் படுப்பதில்லை. மரத்துக்கு எட்டாத சமதரைக்கு வருடா வருடம் சத்தமில்லாத சண்டை. மூன்றாவது, எனக்கு ரெக்ஸ் டீ போட்டுத் தர வேண்டும்.

டெல்மா பெருமூச்சு விட்டாள். மண்வெட்டி சரி என்றாள், இடமும் சரி என்றாள், டீ மட்டும் அதிகம் என்று இரண்டடி விலகிப் போனாள். திரும்பி வந்தாள். காலை டீ மட்டும் என்று நானும் கொஞ்சம் இறங்கி வந்தேன். சட்டையைப் போட்டுக்கொண்டபோது, கடையை நல்ல விலைக்கு விற்ற அன்றைக்கு இருந்த மாதிரி இருந்தது.

பாதை முதலில் பிரியும் இடத்தில் நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் எழவில்லை. என் முகத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று துடைத்துக்கொண்டேன். பின்னால் யாராவது உண்டா என்று டெல்மா கேட்டாள். திரும்பிப் பார்த்தேன், காடுதான் இருந்தது. எப்போது கிளம்பலாம் என்று கேட்டாள். அப்போதுதான் அது என் கையில் இருப்பது உறைத்தது. விழுந்து கிடந்த மரத்தில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைத் தளர்த்தினேன். ஆப்பிளைச் சாவகாசமாகத் தின்றேன். அடிமரங்களில், என் தலைக்கும் மேலே, போன வெள்ளம் நின்ற கோடு சாம்பல் நிறத்தில் காடு முழுக்க ஒரே மட்டத்தில் ஓடியது. பட்டைகள் உரிந்து தொங்கின. காலில் மிதிபட்ட இலையிலிருந்து தைல வாசனை. இதெல்லாம் இத்தனை மாதமும் இங்கேதான் இருந்ததா?

மத்தியானம் ஆற்று வளைவுக்குப் போய், நல்ல இடமாகப் பார்த்துக் கூடாரத்தை விரித்துவிட்டு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தேன். ரெக்ஸ் இரண்டு கேன்களை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு இறங்கினான். அந்தக் கரை செங்குத்து. நிரப்பிக்கொண்டு ஆட்டுக்கிடா மாதிரி மேலே ஏறி வந்தவன், என்னைக் கண்டதும் கேன்களைக் கீழே வைத்துவிட்டு முழங்காலைத் தேய்த்தான். வலது முழங்காலை.

பஞ்ச வருடங்களில் பண்ணைப் பெண் யாராவது கடைக்கு வந்தால் அப்பா வேண்டுமென்றே அதிக விலை சொல்வார். அவள் குறைத்துக் கேட்பாள். பெருமூச்சு விடுவார், இரண்டடி விலகிப் போவார், திரும்பி வருவார். அவள் வாசலில் நுழையும்போதே அவர் மனதில் போட்ட விலையில் பேரம் கடைசியில் வந்து நிற்கும். அவள் துணியோடு, ஜெயித்த முகத்தோடு போவாள். அந்த வித்தையைப் பார்த்து வளர்ந்தவன், அதையே செய்து கடை நடத்தியவன், ஒரு நீச்சல் குளக்காரியிடமும் பால்காரனிடமும் கார் நிறுத்துமிடத்தில் ஏமாந்திருக்கிறேன். கோபம் வந்தது. என்னைத் தவிர மற்றவர்களெல்லாம் கூடி என் காலைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். எப்படிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வான் என்று யோசித்திருக்கிறார்கள். அந்த இரண்டாவது வரி மனதில் ஓடியதும் கோபத்தைத் தொடர முடியவில்லை.

ரெக்ஸ் டீ கொண்டுவந்தான். காலை டீ மட்டும்தான் ஒப்பந்தம்.

"ரெக்ஸ்," என்றேன். "காலைல இடது முட்டி. இப்ப வலது."

அவன் ஆற்றைப் பார்த்தான். எதிர்க்கரையில் வெள்ளைக் கிளிகள் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தன.

"பரவுதுப்பா," என்றான்.

"நாளைக்கு எந்த முட்டின்னு டெல்மாகிட்ட கேட்டு வெச்சுக்கோ. ரெண்டு பேரும் ஒண்ணையே சொல்லணும்ல?"

அவன் மூச்சை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். யார் யோசனை என்று கேட்டேன். எது என்றான். சரக்கு எங்கே எடுத்தாய் என்று கேட்டால் நல்ல வியாபாரி சொல்லமாட்டான். நான் வற்புறுத்தவில்லை. சாப்பாட்டு நேரத்தில் டெல்மாவிடம் போய், நாளைக்கும் சட்டை என்னிடமே இருக்கட்டும், ஆனால் சாயங்கால டீயும் சேர்த்து என்றேன். பெருமூச்சு விட்டாள். இந்தத் தடவை அதன் தரத்தை நிதானமாக ரசித்தேன். கலப்படமே இல்லை.

மறுநாள் காலை மணலாக இருந்தது பாதை. கால் வழக்கத்தைவிட அதிகமாகக் கனத்தது, ஒவ்வொரு எட்டுக்கும் மணலில் ஒரு நீளக் கோடு இழுத்தது. முன்னால் போனவர்கள் வளைவில் மறைந்து போனார்கள். அவர்கள் பேச்சுச் சத்தமும் நின்றது. அங்கே பாதை பிரிவதில்லை, நிற்பதற்குக் காரணமே இல்லாத இடம். நான் வளைவைத் தாண்டியபோது அத்தனை பேரும் பாதையை அடைத்துக்கொண்டு, தண்ணீர் நடுவில் செத்து நின்ற ஒரு மரத்தைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. ரெக்ஸ் தன் தொலைநோக்கியின் மூடியைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.

"என்ன பறவை?" என்று மூச்சு வாங்கியபடி கேட்டேன்.

"மீன்கொத்தி," என்றாள் டெல்மா, கண்ணை எடுக்காமலே. "இப்பத்தான் பறந்துச்சு."

நான் அவர்கள் நடுவில் போய் நின்றேன். கையை நீட்டியதும் யாரோ தன் தொலைநோக்கியைக் கொடுத்தார்கள். கிளை வெறுமையாக இருந்தது. பட்டை நீளமாக உரிந்து தொங்கிய இடத்தில் மரம் பாலேடு நிறத்தில் வழவழப்பாகத் தெரிய, ஆற்றில் பட்டுத் தெறித்த வெயில் அதன்மேல் கீழிருந்து மேலாக ஏறி ஏறிப் போய்க்கொண்டிருந்தது. மூச்சு மெல்லத் திரும்பி வந்தது. நாங்கள் எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.