புரட்டி மாட்டின நாடா

டோர்ட்மண்டில ஒரு பேக்கரிக்குக் கீழ, நிலவறையில, அறுபதுகளில கன்ட்ரி பாட்டுப் பதிஞ்ச ஸ்டூடியோ ஒண்டு இருந்தது. அதை நடத்தினவரின்ர மகள் மோனிக்கா இப்ப அதின்ர வரலாற்றை எழுதுறா. பழைய ஒலிநாடாக்களைக் கொம்பியூட்டரில ஏத்திறது என்ர தொழில். மிஞ்சியிருந்த ஒரேயொரு நாடாவை என்னட்டைக் கொண்டுவந்தா.

ஓடவிட்டன். போர்வைக்குள்ள இருந்து ஆரோ முனகிறமாதிரிச் சத்தம். மோனிக்காவின்ர முகம் செத்துப்போச்சு. நாடா பழுதாப்போச்செண்டு நினைச்சு நிப்பாட்டினன்.

பிறகுதான் மண்டையில உறைச்சுது. அந்தக் காலத்து ஜெர்மன்காரர் நாடாவில சத்தம் பதிஞ்சிருக்கிற காந்தப் பூச்சு வெளியில தெரியத்தான் சுத்துவினம்; என்ர மெசினுக்கு அது உள்பக்கம் இருக்கவேணும். பதினைஞ்சு வருசமா இதே வேலை, விசரி, பாக்காமல் மாட்டிப்போட்டன்! புரட்டி மாட்டினன்.

கிற்றார் கணீரெண்டு கேட்டுது. அப்பாடா! அடுத்து ஒரு ஆம்பிளைக் குரல், சுருதியை விட்டு எங்கையோ போச்சுது. ஐயோ, மெசின்ர வேகம் பிழையோ? வேகத் திருகியில கை வைச்சன்.

மோனிக்கா என்ர கையைப் பிடிச்சா. கண்ணால தண்ணி ஓட ஓடச் சிரிச்சா.

"தொடாதேங்கோ. அப்பா இப்பிடித்தான் பாடுவார்."